ஈரல் சமைக்கும் மருந்து

1945-இல் இங்கிலாந்தின் ஐசிஐ நிறுவனத்து வேதியியலாளர்கள் மலேரியாவுக்கு ஒரு புது மருந்தை அறிவித்தார்கள். கர்ட், டேவி, ரோஸ் என்ற மூவரின் உழைப்பு அது. பெயர் புரோகுவானில், கடைகளில் பாலுட்ரின் என்று விற்றது. மலேரியா பிடித்த கோழிக்குஞ்சுகளுக்கு அதைக் கொடுத்தால், ஒட்டுண்ணிகள் ரத்தத்திலிருந்து மறைந்தன. ஆஸ்திரேலியாவின் கெய்ர்ன்ஸ் நகரில் ஃபேர்லி என்ற மருத்துவரின் குழு தன்னார்வலர்களிடம் சோதித்தபோதும் மருந்து வேலை செய்தது. இதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது.

சிக்கல் கண்ணாடிக்குழாயில் வந்தது. உடலுக்கு வெளியே உயிரோடு வைத்திருக்கும் ஒட்டுண்ணியின்மேல் அதே மருந்தை நேரடியாகச் சேர்த்தார்கள். ஒட்டுண்ணி அசரவில்லை. அளவைக் கூட்டிப் பார்த்தார்கள். அப்போதும் அது பாட்டுக்கு வளர்ந்தது. கோழிக்குஞ்சின் உடலுக்குள் ஒட்டுண்ணியைக் கொல்லும் மருந்து, கண்ணாடிக்குள் வெறும் தண்ணீர் போல இருந்தது.

லண்டனில் தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்த ஃபிராங்க் ஹாக்கிங் இந்தப் புதிரைக் கையில் எடுத்தார். (பிற்காலத்தில் உலகமறிந்த இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங்கின் தந்தை இவர்தான்.) அவர் செய்தது மிக எளிய காரியம். மருந்தை முதலில் உயிருள்ள உடலுக்குள் செலுத்தினார். சிறிது நேரம் கழித்து அந்த உடலிலிருந்து ரத்தம் எடுத்து, சீரத்தை மட்டும் பிரித்து, அதை ஒட்டுண்ணியின்மேல் விட்டார். ஒட்டுண்ணி செத்தது. அடுத்து, நறுக்கிய ஈரல் துண்டுகளோடு மருந்தைச் சேர்த்து, உடற்சூட்டில் சிறிது நேரம் வைத்திருந்து அந்தக் கரைசலை எடுத்தார். அதுவும் ஒட்டுண்ணியைக் கொன்றது. 1947-இல் இந்த முடிவுகள் வெளிவந்தன. புரோகுவானில் தானாக எதையும் கொல்வதில்லை. ஈரல் அதை வேறொன்றாக மாற்றுகிறது, கொல்வது அந்த வேறொன்று.

அந்த வேறொன்று எது என்று பிடிக்க மேலும் நான்கு ஆண்டுகள் ஆயின. மருந்து கொடுத்த முயல்களின் சிறுநீரைச் சேர்த்து, அதிலிருந்து ஒரு படிகத்தை ஐசிஐ ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தார்கள். கோழிக்குஞ்சு மலேரியாவில் அது தாய்மருந்தைவிடப் பலமடங்கு வீரியமாக இருந்தது. புரோகுவானிலின் நீண்ட சங்கிலி தன்மேல் வளைந்து ஒரு வளையமாக மூடிக்கொண்ட வடிவம் அது. பின்னாளில் அதற்கு சைக்ளோகுவானில் என்று பெயர் வந்தது. ஒட்டுண்ணி தன் மரபுப்பொருளைப் பெருக்கிக்கொள்ளத் தேவையான ஃபோலேட் நொதியை அது அடைத்துவிடுகிறது.

நாம் விழுங்குவது அரிசி. ஒட்டுண்ணிக்குப் போய்ச் சேர்வது சோறு. இடையில் ஓர் அடுப்பு எரிகிறது. அந்த அடுப்பைப் பற்றியதுதான் இந்த அத்தியாயம்.

சமைத்த சோற்றையே நேராகக் கொடுத்துவிட்டால் என்ன என்று யாருக்கும் தோன்றும். அவர்களுக்கும் தோன்றியது. சைக்ளோகுவானிலை நேரடியாகக் கொடுத்தபோது சிறுநீரகம் அதை மளமளவென்று வெளியே தள்ளிவிட்டது, காப்பு நீடிக்கவில்லை. புரோகுவானிலாகக் கொடுத்தால் ஈரல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சமைத்து, நாள் முழுக்கப் பரிமாறிக்கொண்டிருந்தது. மெதுவான அடுப்பே இங்கே நன்மையாக அமைந்தது.

*

ஒரு மருந்து உடலுக்குள் போனபின் நான்கு காரியங்கள் நடக்கின்றன. குடலிலிருந்து ரத்தத்துக்கு ஏறுகிறது. ரத்தத்திலிருந்து உறுப்புகளுக்குப் பரவுகிறது. ஈரலில் உருமாறுகிறது. சிறுநீரிலோ பித்தநீர் வழியாக மலத்திலோ வெளியேறுகிறது. பாடப்புத்தகத்தில் நாலு வரி. ஆனால் எந்த விலங்கில், எந்த வேகத்தில், எந்தத் திசையில் என்று கேட்கும்போதுதான் அந்த நாலு வரிக்குள் எவ்வளவு இருக்கிறது என்று தெரியும்.

மலேரியா ஆராய்ச்சியில் விலங்கைத் தேர்ந்தெடுப்பது ஆய்வாளரின் விருப்பம் மட்டுமல்ல. மலேரியா ஒட்டுண்ணிகள் ஒவ்வொன்றும் தன் வீட்டைத் தேர்ந்தெடுத்து வாழ்பவை. மனிதரைக் கொல்லும் ஃபால்சிபாரம் சாதாரண எலியின் ரத்தத்தில் வளராது. அதனால் 1920-களில் ஜெர்மனியின் வில்ஹெல்ம் ரோல் கேனரிப் பறவைகளில் சோதித்தார். முதல் செயற்கை மலேரியா மருந்துகளில் ஒன்றான பாமாக்குவின் அந்தக் குருவிகளின் வழியாகவே தேறி வந்தது. அடுத்து வந்தது கோழிக்குஞ்சு. அதன் ஒட்டுண்ணியை 1935-இல் விவரித்தவர் எமில் புரும்ப் என்ற பிரெஞ்சுக்காரர்; அது கிடைத்தது இலங்கையிலிருந்து வந்த ஒரு கோழியில். 1948-இல்தான் பெல்ஜியக் காங்கோவின் கட்டாங்காவில், வின்க்கே, லிப்ஸ் என்ற இருவர் காட்டெலி ஒன்றின் ரத்தத்தில் பிளாஸ்மோடியம் பெர்கெய் என்ற ஒட்டுண்ணியைக் கண்டார்கள். ஆய்வகச் சுண்டெலியிலும் அது வளர்ந்தது. அன்றிலிருந்து மலேரியா மருந்தின் விலங்குச் சோதனைக்கு முதல் வாசற்படி சுண்டெலிதான்.

அந்த வாசற்படியைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். சுண்டெலியின் எடை இருபது கிராம், கையில் எடுத்தால் ஒரு எலுமிச்சம்பழத்தைவிட லேசு. பிடரித்தோலைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து, வாலைச் சுண்டுவிரலில் அடக்கிக்கொள்கிறார் ஆய்வாளர். முனையில் சிறு குமிழ் வைத்த வளைந்த ஊசியை வாயோரமாக உள்ளே விடுகிறார். குமிழ் இருப்பதால் தொண்டை கிழியாது. தள்ளக்கூடாது, எலி விழுங்க விழுங்க ஊசி தன் எடையிலேயே இறங்க வேண்டும். தள்ளினால் மருந்து இரைப்பைக்குப் பதிலாக நுரையீரலுக்குப் போய்விடும். உள்ளே போவது 0.2 மில்லிலிட்டர், நாலைந்து சொட்டு. அதன்பிறகு கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. கால்மணி, அரைமணி, ஒரு மணி, இரண்டு, நான்கு, எட்டு, இருபத்து நான்கு மணி. ஒவ்வொரு வேளையும் வால்நுனியிலிருந்து ஒரு துளி ரத்தம் நூல் போன்ற கண்ணாடிக்குழாயில் ஏறுகிறது. சுழற்றியதும் சிவப்பணுக்கள் அடியில் படிந்து, மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா தெளிந்து நிற்கிறது. அதில் மருந்து எவ்வளவு, மருந்திலிருந்து பிறந்தது எவ்வளவு என்று கருவி எண்ணிச் சொல்கிறது.

ஒரே துளி எடுப்பதற்குக் காரணம் உண்டு. அந்த எலியின் உடலில் மொத்த ரத்தமே சுமார் ஒன்றரை மில்லிலிட்டர். ஒரு தேக்கரண்டியில் மூன்றில் ஒரு பங்கு. துல்லியமான கருவிகள் வரும்வரை இத்தனை சிறிய உடலில் மருந்தைப் பின்தொடர வழியில்லை. முயலும் நாயும் குரங்கும் அத்தனை பயன்பட்டதற்கு அவற்றின் ரத்தத்தின் அளவும் ஒரு காரணம்.

இன்னொன்றும் உண்டு: வேகம். சுண்டெலியின் இதயம் நிமிடத்துக்கு அறுநூறு தடவை போலத் துடிக்கிறது. அதன் ஈரல் உடல் எடைக்குப் பார்த்தால் நம்முடையதைவிடப் பெரியது, வேலையும் வேகம். மருந்து வந்த சுவடு தெரியாமல் போய்விடும். அதனால் சுண்டெலிக்குக் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று கிடைத்த கணக்கை அப்படியே மனிதருக்குக் கொடுக்க முடியாது. உடற்பரப்பை வைத்துப் போடும் வழக்கமான கணக்கில் சுண்டெலியின் டோஸைப் பன்னிரண்டால் வகுக்க வேண்டும். எலியின் டோஸை ஆறால். நாயினுடையதை இரண்டுக்குச் சற்றுக் குறைவான எண்ணால். இது ஒரு தொடக்க மதிப்பீடு, அவ்வளவுதான். வேகத்தை வகுத்துவிடலாம். பாதையே மாறிப்போனால் எந்த எண்ணால் வகுப்பது?

*

பாதை மாறுவதைக் காட்டும் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது குயினைன் கதை. நம் ஊர்ப் பெரியவர்கள் கொயினா என்று சொன்ன அதே கசப்பு. நீலகிரியில் நடுவட்டத்துப் பக்கம் சிங்கோனா மரங்களை வளர்த்து, பட்டையை உரித்து ஆலையில் காய்ச்சி எடுத்த மருந்து.

1942-இல் ஜப்பான் ஜாவாவைப் பிடித்தது. உலகத்துக்குக் குயினைன் கொடுத்த மரங்களில் பெரும்பகுதி அங்கேதான் இருந்தது. அமெரிக்காவில் மாற்று மருந்துக்கான வேட்டை தொடங்கியது. பழைய குயினைனையே உடல் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளும் வேலையும் கூடவே நடந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஃபிரான்சிஸ் ஓல்டம் என்ற இளம் பெண் ஆய்வாளர் அந்த வேலையில் இருந்தார். உடன் உழைத்த எல்லிஸ் கெல்சியை 1943-இல் மணந்து ஃபிரான்சிஸ் கெல்சி ஆனார்.

அவர்கள் முயலை எடுத்துக்கொண்டார்கள். முயலின் ஈரலில் குயினைனை மிக வேகமாக உடைக்கும் ஒரு நொதி இருந்தது. இன்று ஆல்டிஹைடு ஆக்சிடேஸ் என்று சொல்லும் குடும்பத்தைச் சேர்ந்தது அது. முயலுக்குக் குயினைன் கொடுத்தால் சீக்கிரமே காணாமல் போகும். அவர்கள் அங்கே நிற்கவில்லை. சினையாக இருக்கும் முயலிலும் பார்த்தார்கள். அதன் ஈரலில் நொதியின் வேலை குறைந்திருந்தது. வயிற்றிலிருந்த குட்டிகளின் ஈரலையும் சோதித்தார்கள். குட்டியின் ஈரலால் குயினைனை உடைக்கவே முடியவில்லை.

தாய்க்கு ஒரு வேளையில் தீர்ந்துபோகும் மருந்து, வயிற்றிலிருக்கும் குட்டிக்குத் தீராமல் நிற்கும். மருந்து அதே மருந்துதான். நஞ்சுக்கொடியின் இந்தப் பக்கம் ஓர் உடல், அந்தப் பக்கம் வேறோர் உடல்.

பதினேழு ஆண்டுகள் போயின. 1960-இல் கெல்சி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தில் சேர்ந்தார். முதலில் அவர் மேசைக்கு வந்த விண்ணப்பங்களில் ஒன்று ஒரு தூக்க மருந்து. தாலிடோமைடு. கர்ப்பிணிகளின் குமட்டலுக்கும் நல்லது என்று ஐரோப்பாவில் தாராளமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மனிதரைத் தூங்கவைக்கும் மருந்து சோதனை விலங்குகளைத் தூங்கவைக்கவில்லை என்பது அவர் கண்ணில் பட்டது. அப்படியென்றால் விலங்கின் உடல் இதை வேறு விதமாக ஏற்கிறதா? கருவிலிருக்கும் குழந்தை என்ன செய்யும்? நிறுவனம் திரும்பத் திரும்ப நெருக்கியும் அவர் ஒப்புதல் தரவில்லை. 1961-இன் கடைசியில் ஐரோப்பாவில் கைகால் வளராமல் பிறந்த குழந்தைகளின் செய்தி வந்தது. அந்த முயல்களின் நினைவு தன்னை எச்சரித்தது என்று கெல்சி பிற்காலத்தில் சொன்னார். மலேரியாவுக்காகச் செய்த ஓர் ஆய்வு, மலேரியாவோடு சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான அமெரிக்கக் குழந்தைகளைக் காத்தது.

ஆனால் இதே முயலை நம்பி மனிதருக்குக் குயினைன் டோஸ் கணக்கிட்டிருந்தால் தவறாகப் போயிருக்கும். முயலின் நொதி குயினைன் மூலக்கூற்றின் ஒரு முனையைத் தாக்குகிறது. மனித ஈரலில் அந்த வேலையைச் செய்வது சைட்டோகுரோம் குடும்பத்தின் 3ஏ4 என்ற நொதி. அது தாக்குவது மறுமுனையை. நாய்க்கோ முயலின் அந்த நொதி வேலையே செய்வதில்லை. ஆக, எத்தனை மணிக்கொருமுறை மருந்து தரலாம் என்ற கேள்விக்கு முயல் சொல்லும் பதில் நமக்கு உதவாது; கரு தாயைப் போல் அல்ல என்ற பதில் உதவும். ஒரே விலங்கு, ஒரே மருந்து, இரண்டு கேள்விகள். விலங்குச் சோதனை செல்லுமா செல்லாதா என்று பொதுவில் வாதிடுபவர்களிடம் நான் கேட்க விரும்புவது இதைத்தான்: எந்தக் கேள்விக்கு?

நோயும் அடுப்பின் தீயைக் குறைக்கும். நலமாக இருப்பவர் உடலில் குயினைன் பாதியாகக் குறையச் சுமார் பதினோரு மணி நேரம் ஆகும். கடும் மலேரியாவில் விழுந்தவருக்கு அது பதினெட்டு மணியை நெருங்கும். பெர்கெய் ஒட்டுண்ணி தொற்றிய எலிகளின் ஈரலைத் தனியே எடுத்து, குழாய் வழியாகக் குயினைன் கலந்த நீர்மத்தை ஓட்டிப் பார்த்தபோதும் மருந்தை அகற்றும் திறன் குறைந்திருந்தது. நலமான எலியில் மட்டும் அளந்திருந்தால் இது தெரிந்திருக்காது.

*

குயினைனுக்கு மாற்றாகப் போர்க்காலத்தில் வந்தது அட்டாபிரின். மஞ்சள் சாயத்தின் உறவு. சாப்பிட்ட சிப்பாய்களின் தோல் மஞ்சளாகும், குமட்டல், வாந்தி. அதைவிடப் பெரிய குறை, காய்ச்சல் உடனே அடங்காது. இவ்வளவு கொடுத்தும் ஏன் வேலை செய்யத் தாமதம்?

நியூயார்க்கின் கோல்ட்வாட்டர் நினைவு மருத்துவமனையில் ஜேம்ஸ் ஷானனின் குழு இதை ஆராய்ந்தது. பெர்னார்ட் புரோடி, சிட்னி உடன்ஃபிரெண்ட் இருவரும் பிளாஸ்மாவில் இம்மியளவு அட்டாபிரினையும் அளக்கும் முறையை உருவாக்கினார்கள். மருந்து புற ஊதா ஒளியில் ஒளிரும். அந்த ஒளிர்வே அளவுகோல். அளந்தபோது ரத்தத்தில் மருந்து மிகக் குறைவாக இருந்தது. அப்படியானால் மீதி எங்கே? நாய்களின் உறுப்புகளில் தேடினார்கள். ஈரலில் கிடைத்தது, பிளாஸ்மாவில் இருப்பதைப்போலச் சில ஆயிரம் மடங்கு. தினமும் கொடுத்துவந்தால் இன்னும் அதிகம். தசை, நுரையீரல், மண்ணீரல் என்று எங்கும் ஒட்டிக்கொண்டிருந்தது. வறண்ட ஏரிக்குள் ஓடை திறந்துவிட்டது போல, முதல் நாட்களில் கொடுப்பதையெல்லாம் திசுக்கள் குடித்துவிட்டன. அவை நிரம்பிய பிறகுதான் ரத்தத்தில் தண்ணீர் மட்டம் ஏறியது.

புரிந்ததும் மருந்து கொடுக்கும் முறை மாறியது. முதல் நாளிலேயே பெரிய டோஸ் கொடுத்து ஏரியை நிரப்பு. பிறகு ஆவியாகும் அளவை மட்டும் தினமும் சிறிதாக ஊற்று. காய்ச்சல் அடங்கியது. மருந்து மாறவில்லை, வேதியியல் மாறவில்லை. மருத்துவமனைகளில் இன்று லோடிங் டோஸ் என்று சொல்லிக் கொடுப்பதற்கு வலுவான அடித்தளம் கிடைத்தது இங்கேதான். மருந்தின் விளைவை டோஸை வைத்துப் பேசாதே, ரத்தத்தில் உள்ள அளவை வைத்துப் பேசு என்ற பாடத்தையும் அந்த நாய்களும் அந்த நோயாளிகளும் சேர்ந்தே கற்பித்தார்கள்.

அட்டாபிரினின் தம்பி குளோரோகுயின். 1934-இல் ஜெர்மனியில் ஹான்ஸ் ஆண்டர்சாக் உருவாக்கி, நச்சுத்தன்மை அதிகம் என்று தவறாக ஒதுக்கிய மருந்து. போரின்போது அமெரிக்கர்கள் மீண்டும் சோதித்து மீட்டார்கள். இதுவும் திசுக்களில் தேங்குவதுதான். உயிரணுவுக்குள் அமிலம் நிறைந்த சிறு பைகள் உண்டு. குளோரோகுயின் மின்னூட்டம் இல்லாத நிலையில் உள்ளே நழுவும். அமிலத்தில் மின்னூட்டம் ஏறியதும் வெளியே வர முடியாமல் சிக்கிக்கொள்ளும். ஒட்டுண்ணியின் உணவுப்பைக்குள் அது தேங்குவதும் இதே தந்திரத்தால்தான். மருந்தை வேலைசெய்ய வைக்கும் அதே குணம்தான் அதை மாதக்கணக்கில் நம் உடலிலும் தங்கவைக்கிறது.

இங்கே எலியின் நிறம் ஒரு பெரிய பாடத்தைச் சொன்னது. ஸ்வீடனில் ஸ்வென் உல்பெர்க் உருவாக்கிய முறை ஒன்று உண்டு. கதிரியக்க அணு பொருத்திய மருந்தைச் சுண்டெலிக்குச் செலுத்தி, குறித்த நேரத்தில் அதை முழுதாக உறையவைத்து, மூக்கிலிருந்து வால்வரை மெல்லிய ஏடுகளாகச் சீவி, ஒவ்வோர் ஏட்டையும் படச்சுருளின்மேல் வைத்து இருட்டில் பூட்டிவிடுவார்கள். வாரக்கணக்கில் காத்திருந்து சுருளைக் கழுவினால், மருந்து எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் கறுத்திருக்கும். எலியின் உருவத்தை மருந்தே வரைந்த படம் அது. கறுப்புச் சுண்டெலிக்குக் குளோரோகுயின் கொடுத்து எடுத்த படத்தில் கண் ஒரு கருவளையமாகத் தெரிந்தது. மற்ற உறுப்புகளிலிருந்து மருந்து கழுவிப்போன பின்னும் அந்த வளையம் மங்கவில்லை. வயிற்றிலிருந்த குட்டியின் கண்ணிலும் அது பதிந்திருந்தது. வெள்ளை எலியின் கண்ணில் அந்த வளையம் இல்லை. கண்ணின் பின்சுவரிலுள்ள மெலனின் நிறமியோடு குளோரோகுயின் ஒட்டிக்கொள்கிறது. வெள்ளை எலிக்கு மெலனினே கிடையாது.

ஆய்வகங்களில் பெரும்பாலும் வளர்ப்பது வெள்ளை எலிகளை. அவற்றை மட்டும் பார்த்தவருக்குக் கண்ணில் எதுவும் தேங்கவில்லை என்றே தோன்றும். இந்த மருந்தின் நெருங்கிய உறவான ஹைட்ராக்சிகுளோரோகுயினை மூட்டுவலிக்கும் லூபஸுக்கும் ஆண்டுக்கணக்கில் சாப்பிடுவோரைக் கண் மருத்துவரிடம் தவறாமல் காட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள் அல்லவா, அந்த அறிவுரையோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய சேதி இது.

*

ஆர்ட்டெமிசினின் கதையைப் பலரும் கேட்டிருப்பார்கள். 1971 அக்டோபர் 4 அன்று சீனாவில் து யூயூவின் குழு எடுத்த 191-ஆம் எண் சாறு, சுண்டெலி மலேரியாவை முழுதாக அடக்கியது, பிறகு குரங்குகளிலும். அந்தக் குடும்பத்து மருந்துகள் ஒட்டுண்ணியைக் கொல்லும் வேகத்துக்கு இணை இல்லை. உடலில் தங்கும் நேரமும் குறைவு: ஆர்ட்டெசுனேட் சில நிமிடங்களில் டைஹைட்ரோ ஆர்ட்டெமிசினின் ஆக மாறி, அதுவும் மணிக்கணக்கில் போய்விடும்.

1994-இல் அமெரிக்காவின் வால்டர் ரீட் ராணுவ ஆய்வு நிறுவனத்திலிருந்து வந்த அறிக்கை எல்லோரையும் உலுக்கியது. அதே குடும்பத்து ஆர்ட்டெமீத்தர், ஆர்ட்டீத்தர் இரண்டையும் எண்ணெயில் கரைத்துத் தசையில் ஊசியாகப் பல நாள் போட்ட நாய்கள் தள்ளாடின; பிறகு இறந்தன. மூளைத்தண்டின் நரம்பணுக்கள் சிதைந்திருந்தன. உலகம் நம்பியிருந்த மருந்து இது. நம் நாட்டில் லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் ஆர்ட்டீத்தரைக் கடும் மலேரியாவுக்கான எண்ணெய் ஊசியாக உருவாக்கிக்கொண்டிருந்த காலம் அது.

ஆனால் மருந்து பெற்ற ஏராளமான நோயாளிகளிடம் அப்படிப்பட்ட மூளைச் சேதம் காணப்படவில்லை. நாயின் மூளை வேறா? விடை மூளையில் இல்லை, தசையில் இருந்தது. எண்ணெயில் கரைத்த மருந்து ஊசி போட்ட இடத்திலேயே குட்டையாகத் தேங்கி, அங்கிருந்து நாள்கணக்கில் கசிந்துகொண்டிருந்தது. ஒரு நாள் மருந்து வெளியேறுவதற்குள் அடுத்த நாள் ஊசி. நரம்பணுக்களுக்கு இடைவெளியே கிடைக்கவில்லை. அதே மருந்தை வாய்வழி கொடுத்தால் ரத்தத்தில் ஏறி, சில மணி நேரத்தில் இறங்கிவிடும். நீரில் கரையும் ஆர்ட்டெசுனேட்டில் இந்தச் சேதம் மிகக் குறைவு. நாய்க்குக் கொடுத்த கிலோக் கணக்கு டோஸும் நோயாளியின் டோஸைவிட அதிகம், நாட்களும் அதிகம். எத்தனை உயரத்துக்கு ஏறியது என்பதைவிட எத்தனை நேரம் இறங்காமல் நின்றது என்பதே அந்த நாய்களைக் கொன்றது.

இன்னோர் அச்சம் கருவைப் பற்றியது. சினை எலிகளுக்கு ஆர்ட்டெமிசினின் வகை மருந்து கொடுத்தால், கருவின் முதல் சிவப்பணுக்கள் அழிந்து கரு கலைந்தது. எலியில் அந்த அணுக்கள் ஒரே சமயத்தில் குறுகிய சில நாட்களில் உருவாகின்றன. அந்த நாட்களில் மருந்து பட்டால் மொத்தமும் போகும். மனிதக் கருவில் அதே கட்டம் வாரக்கணக்கில் நீள்கிறது. மூன்று நாள் மருந்து அதில் ஒரு சிறு பகுதியைத்தான் தொடும். எலிகள் எழுப்பிய அச்சத்தால் முதல் மூன்று மாதக் கர்ப்பிணிகளுக்கு இந்த மருந்து நெடுங்காலம் மறுக்கப்பட்டது. மருந்து சாப்பிட்ட தாய்மாரின் பதிவுகள் பல ஆண்டுகள் சேர்ந்த பிறகு, 2022-இல் உலகச் சுகாதார நிறுவனம் ஆர்ட்டெமீத்தர்-லூமெஃபான்ட்ரின் கூட்டு மருந்தை அவர்களுக்கும் பரிந்துரைத்தது. எச்சரிக்கை தேவையில்லாதது என்று நான் சொல்லமாட்டேன். கெல்சியின் முயல்களை நினைத்தால் சொல்ல வாய் வராது. ஆனால் மலேரியாவே கருவையும் தாயையும் கொல்லும் நோய். காத்திருந்த ஆண்டுகளுக்கும் விலை உண்டு.

*

புரோகுவானிலில் தொடங்கிய கேள்வி, அறுபது ஆண்டுகள் கழித்து வேறொரு மருந்தில் திரும்பி வந்தது. பிரிமாக்குவின். வைவாக்ஸ் மலேரியா ஈரலுக்குள் உறங்கிக் கிடந்து, மாதங்கள் கழித்து மீண்டும் காய்ச்சலாக எழும். அந்த உறங்கும் வித்துகளை அழிக்க 1950-களிலிருந்து இருந்த மருந்து இது. ரீசஸ் குரங்குகளில், வைவாக்ஸைப் போலவே உறங்கி எழும் சைனமால்ஜி ஒட்டுண்ணியை வைத்துச் சோதித்துத் தேறியது. ஆனால் எது கொல்கிறது என்று மட்டும் தெரியவில்லை. ரத்தத்தில் மிகுதியாகக் கிடைத்தது கார்பாக்சி பிரிமாக்குவின். அதற்கு வீரியம் இல்லை. வீரியமுள்ளது ஏதோ ஒன்று கணநேரம் தோன்றி மறைகிறது.

2013-இல் இரண்டு தடயங்கள் ஒன்றையொன்று சந்தித்தன. ஒன்று மனிதரிடமிருந்து. வைவாக்ஸ் தொற்றை ஏற்றுக்கொண்டு பிரிமாக்குவின் சாப்பிட்ட தன்னார்வலர்களில் சிலருக்குக் காய்ச்சல் திரும்பி வந்தது. மருந்தைச் சரியாகத்தான் சாப்பிட்டிருந்தார்கள். அவர்களின் மரபணுவைப் பார்த்தால், சைட்டோகுரோம் 2டி6 என்ற ஈரல் நொதி பலவீனமாக இருந்தது. மற்றது சுண்டெலியிடமிருந்து. மனிதருக்கு ஒன்றாக இருக்கும் இந்த நொதிக்கு எலியிடம் ஒன்பது உறவுகள் உண்டு. அந்தக் கொத்தையே மரபணுவிலிருந்து வெட்டி நீக்கிய எலிகளை வால்டர் ரீட் குழு எடுத்துக்கொண்டது. அவற்றின் ஈரலில் இருந்த ஒட்டுண்ணியைப் பிரிமாக்குவினால் தடுக்க முடியவில்லை. அதே எலிக்கு மனிதரின் 2டி6 மரபணுவைப் பொருத்தினார்கள். மருந்தின் வீரியம் ஓரளவு திரும்பி வந்தது. மனித அடுப்பிலிருந்து ஒரு சுடரை மட்டும் எடுத்து எலியின் ஈரலில் ஏற்றிவைத்தது போல.

இதே கதை புரோகுவானிலுக்கும் உண்டு. அதை வளையமாக மூடும் நொதி சைட்டோகுரோம் 2சி19. ஐரோப்பியரில் அது வேலை செய்யாதவர் மிகச் சிலரே. ஆசியரில் அதிகம், புதுச்சேரி ஜிப்மர் ஆய்வாளர்கள் தமிழ் மக்களிடம் பார்த்தபோது, பத்தில் ஒருவருக்கும் மேல் அந்த நொதி அநேகமாக இல்லை. கோழிக்குஞ்சுக்கும் முயலுக்கும் சமைக்கத் தெரிந்ததை நம் பக்கத்து வீட்டுக்காரரின் ஈரலுக்குச் சமைக்கத் தெரியாமல் இருக்கலாம்.

பிரிமாக்குவினை வழக்கமாகப் பதினான்கு நாள் சாப்பிட வேண்டும். பாதியில் நிறுத்திவிடுவோர் அதிகம். ஒரே வேளையில் முடித்துவிடும் டாஃபெனோகுயின் 2018-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. பிரிமாக்குவினின் நெருங்கிய சொந்தம். 2டி6-இன் உறவு நொதிகளை நீக்கிய அதே எலிகளில் அதையும் முன்பே சோதித்திருந்தார்கள். பிரிமாக்குவினைப் போலவே அதுவும் தோற்றது. அப்படியென்றால் நொதி பலவீனமான மனிதர்களிடமும் தோற்க வேண்டும். ஆனால் மனிதச் சோதனையில் டாஃபெனோகுயின் சாப்பிட்டவர்களை 2டி6 திறன்படி பிரித்துப் பார்த்தபோது, பலவீனமான நொதி உள்ளவர்களுக்குக் காய்ச்சல் கூடுதலாகத் திரும்பி வரவில்லை. எலி ஒன்று சொல்கிறது, மனிதர் இன்னொன்று சொல்கிறார். மனித உடலில் அது இரண்டு வாரத்தில்தான் பாதியாகக் குறையும். அவ்வளவு நாள் தங்கும் மருந்துக்கு மெல்லிய தீயே போதுமா, அல்லது எலிக்குத் தெரியாத வேறோர் அடுப்பு நம் ஈரலில் எரிகிறதா என்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறார்கள்.